ஐயம் எழுத்தின்மேல் இருக்கட்டும்

(நம் அறக்கட்டளையின் சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரை)

  

விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, "எழுதுவதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். நான் இரண்டு காரணங்களைக் கூறித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். எனக்குக் கண் சரியாகத் தெரியாது. குறிப்பைப் பார்த்துப் பேச இயலாது என்பது ஒன்று. நான் எழுத்தாளர் அல்லள். எழுத விரும்பி, அஞ்சி அஞ்சியே காலத்தைக் கழித்தவள் என்பது மற்றொன்று. "அந்த இரண்டையுமே பேசுங்கள், அம்மா" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்கள். ஆதலால் கையில் தாள் ஏதும் இல்லாமல் உங்கள் முன் நிற்கிறேன். சொல்லில் பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவள். தமிழில் முதுகலை முடித்து, 1986-இல் பெரம்பலூர் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். அப்போது அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. பின்னர் அரியலூர்ப் பக்கம் மாறுதல் பெற்றுச் சென்றேன். 2007-இல் அரியலூரும் தனி மாவட்டமாக நிலைபெற்றது. இருந்த இடத்தில் இருந்தபடியே மாவட்டம் மாறிய அனுபவம் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு உண்டு. பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் கறுப்பு மண்ணுக்கும், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதிக்கும் இடையே என் பணிக்காலம் 32 ஆண்டுகள் கழிந்தது. 2018-இல் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றதும் கதை எழுதுவேன் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கென ஒரு கனத்த குறிப்பேடும் வாங்கி வைத்திருந்தேன்.

பணியின் கடைசி ஆண்டுகளிலேயே கண்ணில் ஏதோ குறை தொடங்கியிருக்கிறது. நான்தான் அறியவில்லை. வகுப்பில் இரு ஓரங்களிலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் கை உயர்த்தினால் எனக்குத் தெரிவதில்லை. "தமிழம்மா எங்களைக் கேட்கவே மாட்டேங்கிறாங்க" என்று அவர்கள் குறைபட்டுக்கொண்டது பிற்பாடு என் காதுக்கு வந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. கதவு நிலையில் தோள் இடிக்கும். படிக்கும்போது ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கம் அகப்படாது. கண்ணாடிதான் பழுதென்று எண்ணி இருமுறை மாற்றினேன்.

மருத்துவர் சொன்ன பெயர் கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழி சரிவர இயங்காதபோது உள்ளே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. பெரும்பாலும் வலி இராது. முதலில் பக்கவாட்டுப் பார்வை குறையும். நடுப்பார்வை நன்றாக இருப்பதால் நோயாளிக்கு ஐயமே எழாது. இழந்த பார்வை மீளாது. சொட்டு மருந்தாலும் தேவைப்பட்டால் அறுவை மருத்துவத்தாலும் எஞ்சியதைக் காக்கலாம். என் இடக்கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலக்கண் குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் தெரிகிறது.

அன்று மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாருக்கேனும் பார்வை போனதுண்டா?" எனக்கு உடனே என் அம்மாவின் நினைவு வந்தது. அம்மாவுக்கு அறுபது வயதுக்குப் பின் சிறிது சிறிதாகப் பார்வை மங்கி முற்றும் மறைந்தது. "வயதானால் அப்படித்தான்" என்று நாங்கள் அனைவரும் சொன்னோம். படித்த நானும் அதையே சொன்னேன். அவருக்கும் இதே நோய் இருந்திருக்கலாம். ஆகவே, கதைக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். நாற்பது வயதைக் கடந்தவர்கள், குறிப்பாகக் குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்தால், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மிகாமலே நரம்பு சிதைவதும் உண்டு. ஆதலால் இரண்டும் வேண்டும். என் தம்பி என்னால்தான் சோதித்துக்கொண்டார். அவருக்குத் தொடக்க நிலையிலேயே தெரிந்துவிட்டது.

இனி என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நோய் உறுதியானதும் கதைக் குறிப்பேட்டை மூடிப் பரணில் வைத்துவிட்டேன். "கண் போயிற்று, இனி என்ன எழுத்து" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அனைவரும் இரக்கப்பட்டார்கள். ஈராண்டுகள் இப்படிக் கழிந்த பின்பே உண்மை எனக்கு விளங்கியது. கண் கெடும் முன்னரே நான் எழுத அஞ்சியவள். பணியில் இருந்தபோது ஒரே ஒரு கதையை ஓர் இதழுக்கு அனுப்பினேன். அது திரும்பி வந்தது. அதன்பின் ஒன்றையும் முடிக்கவில்லை. காப்பியங்களைப் பாடம் சொன்ன வாய்க்கு, என் வாக்கியம் ஒவ்வொன்றும் கசந்தது. 32 ஆண்டுகள் பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மையால் சுழித்த கை, கடைசியில் என்னையே சுழித்துவிட்டது. கண் நோய் வந்தபோது அதை நான் ஒரு நல்ல சாக்காகப் பற்றிக்கொண்டேன். "முடியவில்லை" என்று சொல்வது "அஞ்சுகிறேன்" என்று சொல்வதைவிட மதிப்பாக இருந்தது.

பரணில் இருந்த குறிப்பேட்டை இறக்க வைத்தவர் என் அம்மா. அவர் 1999-இல் மறைந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. கண்ணும் போன பிறகு, பொழுது சாயும் முன் உணவை முடித்துக்கொண்டு, திண்ணையில் அமர்ந்து பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்வார். யசோதரன் கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான் என்ற இடத்தில் அம்மா ஒரு சொல் சொல்வார். ஒரே ஒரு சொல்தான். குழந்தைகள் விம்மி அழுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கும் தொண்டை அடைக்கும். உயிரற்ற மாவேயானாலும், கொல்லும் எண்ணம் கொலையே என்பதை அந்த ஒரு சொல் எங்களுக்குப் புகட்டியது. ஓரிரவு அச்சொல் எது என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. தம்பியைத் தொலைபேசியில் கேட்டேன். அவருக்கும் நினைவில்லை. அன்று அழுத குழந்தைகள் இன்று நாற்பது வயதினர். அழுததுதான் அவர்களுக்கு நினைவிருக்கிறது. யசோதர காவியம் அச்சில் இருக்கிறது. அம்மாவின் யசோதரன் எங்கும் இல்லை.

இன்று நாம் கொண்டாடும் சுருத பஞ்சமியும் இத்தகைய ஓர் அச்சத்திலிருந்து பிறந்த நாள்தானே! கிர்னார் மலையில் சந்திர குகையில் தங்கியிருந்த தரசேன ஆசாரியர், தம்மோடு ஆகம அறிவு மறைந்துவிடுமே என்று கவன்றார். செய்தி அனுப்பி வரவழைத்த இரு முனிவர்களே புட்பதந்தரும் பூதபலியும். வீரசேனரின் தவளா உரை கூறும் அந்த வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆசாரியர் அவ்விருவரையும் சோதிக்க எண்ணி, ஆளுக்கொரு மந்திரம் தந்தார். ஒன்றில் ஓர் எழுத்து மிகுதி. மற்றதில் ஓர் எழுத்துக் குறை. நோன்பிருந்து செபித்தபோது இரண்டு தேவியர் தோன்றினர். ஒருத்திக்குப் பல் நீண்டிருந்தது. மற்றொருத்திக்கு ஒரு கண் இல்லை. தேவருலகத்தார்க்கு இத்தகைய ஊனம் இயல்பன்றே என்று இருவரும் எண்ணினர், மந்திரத்தை ஆராய்ந்தனர், மிகுந்ததை நீக்கினர், குறைந்ததைச் சேர்த்தனர். மீண்டும் செபித்தபோது தேவியர் குறையற்ற வடிவில் தோன்றினர். அதன் பிறகே ஆசாரியர் பாடம் சொன்னார். அவர்கள் வழியே சட்கண்டாகமம் ஏடேறியது.

இந்த வரலாற்றைச் சிறுவயது முதல் கேட்டிருந்தும், ஒன்றை நான் கவனிக்கவில்லை. ஒற்றைக்கண் தேவியைக் கண்டதும் அம்முனிவர்கள், "நமக்குத் தகுதி இல்லை" என்று மலையிறங்கிப் போகவில்லை. "நம் கையில் உள்ள எழுத்தில் ஏதோ பிழை இருக்கிறது" என்றுதான் பார்த்தார்கள். ஐயுற்றார்கள், எழுத்தை ஐயுற்றார்கள். எழுத்தில் உள்ள பிழையைத் திருத்தலாம். ஓர் எழுத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். "நான் தகுதியற்றவள்" என்பதை எப்படித் திருத்துவது? அதற்கு அழிப்பானும் இல்லை, மையும் இல்லை. ஐயம் எழுத்தின்மேல் இருக்கட்டும்; எழுதுபவர்மேல் வேண்டாம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே.

தமிழ்க் காப்பியப் புலவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அவையடக்கம் என்று ஒரு பகுதி வைத்து, தம் குறையைத் தாமே சொல்லிவிட்டு நூலுக்குள் புகுந்தார்கள். அவையடக்கம் நூலின் ஒரு பகுதி. நானோ நூல் முழுவதையும் அவையடக்கமாக ஆக்கிவிட்டேன். திருத்தக்கதேவர் சிந்தாமணி பாட விரும்பியபோது, அவருடைய ஆசிரியர் எதிரே ஓடிய நரியைக் காட்டி, முதலில் இதைப் பாடு என்றதாகவும், அவ்வாறு எழுந்ததே நரிவிருத்தம் என்றும் மரபு கூறும். பெருங்காப்பியத்துக்கு முன்னால் ஒரு சிறு நரி! தயங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டல் இல்லை.

சரி, கண்ணுக்கு என்ன செய்வது? நம் ஆகமம் தரிசனத்தைச் சட்சு, அசட்சு, அவதி, கேவலம் என நான்காக வகுக்கும். கண் வழியாக நிகழ்வது சட்சு தரிசனம். ஏனைய பொறிகளாலும் மனத்தாலும் நிகழ்வது அசட்சு தரிசனம். கண் ஒரு வாயில். வேறு வாயில்களும் உண்டு என்பதை முன்னோர் அந்தப் பகுப்பிலேயே வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் புலவர் வரலாறும் இதற்குச் சான்று. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முதுகில் எழுத்தை எழுதிக் காட்ட, அதை உணர்ந்தே கற்றார் என்பது வழிவழிச் செய்தி. அவர் கழுக்குன்றத்துக்குப் புராணமும் திருவாரூருக்கு உலாவும் பாடினார். பழனியில் 1836-இல் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் குழந்தைப் பருவத்தில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். கேட்டதை மனத்தில் நிறுத்தும் ஆற்றலால் இராமநாதபுரம் அரசவை வரை சென்று சிறப்புப் பெற்றார். இரட்டைப் புலவர்களில் ஒருவர் பார்க்க இயலாதவர், மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் பாடலைத் தொடங்க மற்றவர் முடிப்பார். இருவர் சேர்ந்து ஒரு புலமை ஆனார்கள்.

"பிறர் எழுத, நாம் சொல்வது எழுத்தாகுமா?" என்ற கூச்சம் எனக்கு நெடுநாள் இருந்தது. அதைப் போக்கியது நான் பணியாற்றிய மண்ணின் செய்தி ஒன்று. உ.வே.சாமிநாதையரின் இளமை அரியலூர், குன்னம், செங்கணம் போன்ற ஊர்களில் கழிந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கற்றார். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டார். காரிகை நம் அமிதசாகர முனிவர் செய்த நூல். அங்கே யாப்பு கற்ற அந்த மாணவர் 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். அங்கு என்ன கண்டார்? பிள்ளையவர்கள் வாயால் பாடல் சொல்லிக்கொண்டே போவார்; மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். கண் நன்றாகத் தெரிந்த மகாவித்துவானே சொல்லித்தான் எழுதுவித்தார்! இயற்றுவது மனமும் நாவும். ஏட்டில் ஏற்றுவது மற்றொரு தொழில். நம் மரபில் இவை இரண்டும் என்றுமே தனித்தனியாக இருந்தன.

அதே சாமிநாதையர் 1880-இல் கும்பகோணத்தில் கல்லூரித் தமிழாசிரியர். சேலம் இராமசுவாமி முதலியார், "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டபோது, தாம் கற்றவை எத்துணைச் சிறிது என்று உணர்ந்தார். ஆனால் சோர்ந்து உட்காரவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. நம் முன்னோர் அன்று தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது நமக்குப் பெருமை. அவர் கேட்க வெட்கப்படவில்லை என்பது எனக்குப் பாடம்.

இப்போது நான் எழுதும் முறையைச் சொல்கிறேன், எவருக்கேனும் பயன்படலாம். காலை வெளிச்சத்தில் மட்டும் கையால் எழுதுகிறேன். தடித்த கறுப்பு மைப் பேனா, அகலக் கோடிட்ட தாள். கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்குச் சன்னல் வெட்டி, தாளின்மேல் வைத்து நகர்த்துவேன், வரி தப்பாது. மற்ற நேரங்களில் கைப்பேசியிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. நம் தமிழில் ழகர, ளகர வேறுபாட்டில் அது அடிக்கடி தடுமாறும். "கிழவி வந்தாள்" என்று நான் சொன்னால் "கிளவி வந்தாள்" என்று எழுதியது. தொல்காப்பியம் படித்த கைப்பேசி போலும் என்று சிரித்தேன். மாலையில் என் பேத்தி அன்று எழுதியதை உரக்கப் படிப்பாள். அதில் ஒரு நன்மை கண்டேன். கண்ணால் படிக்கும்போது என் வாக்கியத்தை நானே மன்னித்துவிடுவேன். காது மன்னிப்பதில்லை. நீண்ட வாக்கியத்தில் அவளுக்கு மூச்சு முட்டும் இடத்தில் என் பிழை இருக்கிறது.

பருத்திக் காட்டில் களையெடுக்கும் ஒரு கிழவியைப் பற்றிய கதையை முதலில் எடுத்துக்கொண்டேன். நான்கு பக்கம் படித்துவிட்டுப் பேத்தி, "பாட்டி, இந்தக் கிழவி ஏன் உங்களை மாதிரியே பேசுகிறாள்?" என்றாள். அன்றிரவு உறக்கம் வரவில்லை. பழைய நானாக இருந்தால் குறிப்பேடு மீண்டும் பரணுக்குப் போயிருக்கும். மறுநாள் காலை, எழுத்தில் என்ன மிகுதி, என்ன குறை என்று மட்டும் பார்த்தேன். கிழவியின் வாயிலிருந்த என் இலக்கணத் தமிழ் மிகுதி. குன்னம் பக்கத்துப் பெண்கள் வரப்பில் நின்று பேசும் பேச்சுக் குறை. நீக்கினேன், சேர்த்தேன். ஐந்தாம் முறை படித்தபோது பேத்தி நடுவில் நிறுத்தாமல் முடித்தாள். கதையை ஓர் இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். வெளிவந்தால் மகிழ்ச்சி. திரும்பி வந்தால், எந்த எழுத்து மிகுதி, எந்த எழுத்துக் குறை என்று மீண்டும் பார்ப்பேன்.

அஞ்சுவது நின்றுவிட்டதாகச் சொன்னால் பொய்யாகும். சொட்டு மருந்து விடும் ஒவ்வொரு முறையும், எஞ்சிய கண்ணும் எத்தனை நாள் என்ற எண்ணம் வரத்தான் செய்கிறது. அந்த எண்ணம் வந்ததும் ஒரு பத்தியாவது சொல்லி எழுதுவித்துவிடுகிறேன். இப்போது அம்மாவின் யசோதரன் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்ன அந்த ஒரு சொல்லின் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நானாக ஒரு சொல்லை அங்கே இட மனம் ஒப்பவில்லை.

நிறைவாக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று நாம் சுவடிகளையும் நூல்களையும் பீடத்தில் வைத்து மலரிட்டு வணங்கினோம். வீட்டுக்குச் சென்றதும், உங்கள் பாட்டியோ தாத்தாவோ அத்தையோ சொல்லும் கதை ஒன்றை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள். கைப்பேசியில் பதிவு செய்தாலும் போதும். பெரியவர்களே, "எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லாதீர்கள். கண் தெரியாவிட்டாலும், கை நடுங்கினாலும், சொல் உங்களிடம் இருக்கிறது. எழுதுவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு இம்மலரில் அத்தகைய பத்துக் கதைகளுக்கு இடம் ஒதுக்குமாறு அறக்கட்டளையினரைக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றைப் படிக்க எனக்குக் கண் இருக்குமோ, இராதோ. பேத்தி படிப்பாள், நான் கேட்பேன்.



ஜெய ஜினேந்திரா!